தொண்டர்களுக்கு மிதிவண்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் மிதிவண்டிகளை வழங்கி 2005இல் பணியைத் தொடங்கிய வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் அமைப்பு, அடுத்து ஜாம்பியாவுக்குச் சென்றது. எச்.ஐ.வி. நோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கும் தொண்டர்களுக்கு அங்கே வண்டி தேவைப்பட்டது. சந்தையில் மலிவாகக் கிடைத்த வண்டிகள் அந்த மணல் பாதைகளையும் சுமையையும் தாங்காததால்தான் ‘பஃபலோ’ என்ற கனத்த எஃகு வண்டி உருவானது.

முதல் தவறு, கடை விலையை மட்டும் பார்ப்பது. பெடல் உடைந்தும் ரிம் கோணியும் வண்டி கிடப்பில் கிடக்கும் நாட்களில் நோயாளியிடம் யாரும் போவதில்லை. அந்த நாட்களையும் உதிரிபாகச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால் மலிவு வண்டி பெரும்பாலும் மலிவாக இராது.

அதைவிடப் பரவலான தவறு, கரடுமுரடான பாதை என்றவுடன் பல கியர்களும் ஷாக் அப்சார்பரும் உள்ள வண்டியைத் தேடுவது. பின்சக்கரத்தின் ஓரம் தொங்கும் கியர் மாற்றி, வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடும். மலிவான ஷாக் அப்சார்பருக்குள் புழுதி புகுந்தால் கிராமத்து மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய இயலாது. ஒரே கியர் உள்ள வண்டியில் மேட்டில் இறங்கித் தள்ள நேரிடும் என்பது உண்மைதான், ஆனால் அது வீடு வந்து சேரும்.

சுமையின் பெரும்பகுதி பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது என்பதால் அதிகக் கவனம் அங்கேயே வேண்டும். வழக்கமான 2 மி.மீ. ஸ்போக்ஸ் கம்பிகளுக்குப் பதிலாக 2.3 மி.மீ. கம்பிகளைக் கேட்டு வாங்கலாம். பஃபலோவின் கேரியர் 100 கிலோ தாங்கும்படி செய்யப்பட்டது. மெல்லிய தகட்டுக் கேரியரோ ஒரு தானிய மூட்டைக்கே வளைந்துவிடும். எந்தக் கம்பியானாலும் புது வண்டியில் சில வாரங்களில் தளரும், ஆகவே மீண்டும் முறுக்கிக் கோட்டம் எடுக்காமல் விடக்கூடாது.

ரிம்மை உரசும் பிரேக்குகள் சேற்றிலும் மழையிலும் பிடிப்பை இழக்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் மூடப்பட்டிருப்பதால் பராமரிப்பு குறைவு. எனினும் செயின் கழன்றால் அந்த பிரேக்கும் போய்விடும். இறக்கங்கள் மிகுந்த இடமெனில் முன்பிரேக்கும் அவசியம்.

நன்கொடையாக வரும் பழைய வண்டிகளை அப்படியே அனுப்புவதும் வீண்தான். ஒவ்வொன்றும் ஓர் அளவு என்றால் எந்த டயரை இருப்பு வைப்பது? அருகிலுள்ள சந்தையில் எந்த அளவு டயரும் டியூபும் விற்கின்றன என்று முதலில் பார்த்து, பிறகு வண்டியைத் தீர்மானிப்பதே முறை. ஜாம்பியாவில் வண்டிகளோடு உள்ளூர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் தரப்பட்டது. பம்பும் ஸ்பானரும்கூடக் கொடுக்காமல் வண்டியை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பும் திட்டங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இல்லப் பராமரிப்புத் தொண்டர்களில் பெண்கள் ஏராளம். ஜாம்பியப் பெண்கள் உடுத்தும் சித்தெங்கே என்ற துணியை இடுப்பில் சுற்றியவர்கள் உயரமான பார் வைத்த வண்டியில் ஏறி இறங்குவது கடினம் என்பதால், மொத்தமாக ஆர்டர் கொடுக்குமுன் மாதிரி வண்டியை அவர்களிடமே தந்து, சுமையேற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.