மூட்டைக் கணக்கு தப்பக்கூடாது: கலெக்‌ஷன், த்ரெட் கோடை டெஸ்ட் பண்றது எப்படி

குறுவை அறுப்பும் மழையும் நம்ம டெல்டாவுல ஒண்ணாத்தான் வரும். கொள்முதல் நிலைய வாசல்ல நெல்லக் கொட்டி தார்ப்பாய் போத்திட்டு சனம் உக்காந்திருக்கும், ஈரப்பதம் 17 சதவீதத்தத் தாண்டிட்டா எடுக்க மாட்டாங்கன்னு வயித்துல புளியக் கரைக்கும். மன்னார்குடி பக்கம் அப்படி ஒரு இடத்துக்குத்தான் ஜாவாவுல ஒரு சின்ன லைப்ரரி எழுதினேன். யாரு எத்தன சிப்பம், அதாவது மூட்டை, போட்டாங்கன்னு நாலஞ்சு டேப்லெட்லேந்து வர்றத ஒரு மேப்புல (பேருக்கு நேரா எண்ணிக்கைய வச்சுக்கற பட்டியல்) கூட்டிக்கிட்டே வரும், அவ்ளோதான். டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ரெண்டாம் நாளு ஒரு பெரியவர் வந்து, "தம்பி, நான் போட்டது அறுபத்தி மூணு, இதுல அறுபத்தி ஒண்ணுன்னு காட்டுதே"ன்னாரு. ரெண்டு சிப்பம்னா 80 கிலோ நெல்லு. அன்னிக்கி ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

நடந்தது இதுதான். ஒரே பேருக்கு ரெண்டு டேப்லெட்லேந்து ஒரே நேரத்துல வந்துச்சு, ரெண்டு த்ரெட்டும் (புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல தனித்தனியா ஓடற வேலைங்க) 40ன்னு படிச்சுது, ரெண்டும் 41ன்னு எழுதிச்சு, ஒரு மூட்டை காணாமப் போச்சு. என் டெஸ்ட்டு இத ஏன் பிடிக்கலங்கறதுதான் விஷயம், அத சொல்றதுக்கு முன்னாடி கலெக்‌ஷன் பக்கத்த (லிஸ்ட், மேப் மாதிரி டேட்டாவ சேத்து வைக்கற அமைப்புங்க) சுருக்கமா முடிச்சிடறேன்.

நீங்க சொந்தமா ஒரு லிஸ்ட்டோ மேப்போ எழுதுனா அது உள்ள எப்படி வேலை பாக்குதுன்னு டெஸ்ட் பண்ணாதீங்க, வெளிய என்ன வாக்கு குடுத்திருக்கோ அத டெஸ்ட் பண்ணுங்க. காலி, ஒண்ணு, பல எண்ணம்னு (எண்ணம்னா உள்ள இருக்கற உருப்படி) மூணு அளவுலயும் எல்லா மெத்தடையும் கூப்பிடுங்க. கூகுளோட குவாவா லைப்ரரி கூடவே ஒரு டெஸ்ட்லிப் (டெஸ்ட்டுக்கான துணை லைப்ரரி) வருது, உங்க லிஸ்ட்டு ஆட் பண்ண விடுமா, நல் (null, மதிப்பே இல்லாதது) ஏத்துக்குமான்னு சொல்லிட்டா அதுவே டெஸ்ட்டுகள உண்டாக்கிக்கும், விடாதுன்னு சொன்ன மெத்தட் எக்செப்ஷன் (பிழைன்னு சொல்லி நிறுத்தறது) குடுக்குதான்னும் பாக்கும். கையால எழுதினா இந்தப் பாதி விட்டுப்போயிடும். மேப்புக்கு ஹேஷ் மோதலயும், அதாவது ரெண்டு வேற கீக்கு (மேப்புல தேடற பேரு) ஒரே ஹேஷ்கோடு (கீயிலேந்து கணக்குப்போட்டு எடுக்கற நம்பர்) வர்றதயும் பாக்கணும். ஜாவாவுல பெரிய ஏவும் சின்ன ஏவும் சேந்த ஸ்ட்ரிங்குக்கும் (Aa), ரெண்டு பெரிய பி சேந்ததுக்கும் (BB) ஹேஷ்கோடு ஒண்ணேதான், 2112. இது ரெண்டையும் கீயா போட்டு ரெண்டும் தனித்தனியா திரும்பி வருதான்னு பாருங்க.

இன்னொண்ணு, மூணு எண்ணம் இருக்கற அர்ரேலிஸ்ட்ட ஃபார்-ஈச்ல (ஒவ்வொண்ணா எடுக்கற லூப்பு) சுத்தும்போது நடு எண்ணத்த லிஸ்ட்டுலேந்து ரிமூவ் பண்ணிப் பாருங்க, எக்செப்ஷனே வராது. சைஸும் உள்ள இருக்கற கர்சரும் (அடுத்து எந்த இடம்னு காட்டற நம்பர்) ரெண்டுன்னு சமமாயிடறதால லூப்பு முடிஞ்சிதுன்னு நினைச்சுக்கும், கடைசி எண்ணத்த தொடாமலே வெளிய வந்துடும். அதனால எக்செப்ஷன் வருதான்னு மட்டும் பாக்காம, எத்தனைய சுத்தி வந்துச்சுன்னும் எண்ணணும்.

இப்ப த்ரெட்டுக்கு வர்றேன். என் பழைய டெஸ்ட்டு எட்டு த்ரெட்ட ஒரு லூப்புல ஒவ்வொண்ணா ஸ்டார்ட் பண்ணுச்சு, ஒவ்வொண்ணும் பத்து மூட்டை கூட்டுச்சு. ரெண்டாவது கெளம்பறதுக்குள்ள மொதலாவது வேலைய முடிச்சிட்டுப் போயிடும், ஆக அது வரிசையாத்தான் ஓடிருக்கு, பச்சை வராம என்ன பண்ணும்.

எட்டு பேரையும் மதகுல நிறுத்தி ஒரே நேரத்துல ஷட்டரத் தொறக்கணும். அதுக்கு ரெண்டு கவுண்ட்டவுன்லாட்ச் (எண்ணிக்கை பூஜ்யம் ஆகறவரைக்கும் காக்க வைக்கற கதவு) எடுத்துக்குங்க, ஒண்ணு 8, இன்னொண்ணு 1. ஒவ்வொரு த்ரெட்டும் மொதல் லாட்ச்ச ஒண்ணு கொறச்சுட்டு ரெண்டாவதுல காத்து நிக்கணும். மெயின் த்ரெட்டு மொதல் லாட்ச் பூஜ்யம் ஆனதும் ரெண்டாவத தொறந்துவிடணும். த்ரெட்பூல்ல (வேலைக்குத் தயாரா வச்சிருக்கற த்ரெட் கூட்டம்) கண்டிப்பா எட்டு த்ரெட் இருக்கணும், நாலுதான்னா நாலு பேரு மதகுல நிப்பான், மிச்ச நாலு வரவே மாட்டான், டெஸ்ட் அப்படியே தொங்கிரும். பத்து மூட்டையும் பத்தாது, ஆளுக்கு ஆயிரம், கடைசியில 8,000 வரணும். இப்படி மாத்தி ஓட்டுனதும் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர் வந்துச்சு, 8,000 மட்டும் வரல. அத செவப்புல பாத்தப்பதான் உசுரே வந்துச்சு.

ஸ்லீப் போட்டு நேரம் சரிபண்ணாதீங்க, லேப்டாப்புல ஓடும், வேற மிஷின்ல ஊத்திக்கும். கூட்டற லூப்புக்குள்ள பிரின்ட்டும் போடாதீங்க, அதுக்குள்ள ஒரு லாக் (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்ட மட்டும் விடற பூட்டு) இருக்கு, த்ரெட்டெல்லாம் அதுல வரிசையா நின்னு வர்றதால பக் ஒளிஞ்சுக்கும், நான் அதுல அரை நாள் விட்டேன். சரிபாக்கற அசெர்ட்ட த்ரெட்டுக்குள்ள வச்சா அது ஃபெயில் ஆனாலும் ஜேயூனிட்டுக்கு (டெஸ்ட்ட ஓட்டற கருவி) தெரியாது, பச்சையே காட்டும். எக்ஸிக்யூட்டர்ல (த்ரெட்பூல்ல வேலைய ஓட்டறது) சப்மிட் பண்ணி, வர்ற ஃப்யூச்சர் (விடைய அப்பறம் வாங்கிக்கற டோக்கன்) ஒவ்வொண்ணுலயும் டைம்அவுட்டோட கெட் கூப்பிடுங்க, உள்ள வெடிச்சது வெளிய வரும், எழுதுன மதிப்பும் மெயின் த்ரெட்டுக்கு ஒழுங்கா தெரியும்.

ஹேஷ்மேப்ப எடுத்துட்டு கன்கரன்ட்ஹேஷ்மேப் (பல த்ரெட் சேந்து தொடறதுக்குன்னே இருக்கற மேப்) போட்டா சரியாயிடும்னு நானும் நம்புனேன், ஆகல. கெட் (படிக்கறது) பத்திரம், புட் (எழுதறது) பத்திரம், ஆனா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சந்துல அடுத்தவன் பூந்துடறான். படிக்கறது, கூட்டறது, எழுதறது மூணையும் ஒரே மூச்சுல முடிக்கற மெர்ஜ் மெத்தடுக்கு மாத்துனதுக்கு அப்பறம்தான் 8,000 நின்னுச்சு. ஒரே கீய வச்சு மட்டும் நிறுத்திடாதீங்க, ஆளுக்கு ஆயிரம் வேற வேற கீ போட்டு கடைசியில சைஸ் பாக்கற டெஸ்ட்டும் வேணும். சாதா ஹேஷ்மேப் 16 இடத்தோட ஆரம்பிச்சு 13வது எண்ணம் வரும்போது பெருசாகும், அந்த நேரத்துல ரெண்டு த்ரெட் உள்ள இருந்தா எண்ணமே தொலையும்.

சரி பண்ணதும் ஒரு தடவ பச்சை வந்துச்சுன்னு எந்திரிச்சுப் போகாதீங்க. மெர்ஜ்ஜ எடுத்துட்டு பழைய கெட்-புட்ட திரும்பப் போட்டு டெஸ்ட் செவப்பாகுதான்னு பாருங்க, ஆகலன்னா அந்த டெஸ்ட்ட நம்பாதீங்க, லூப்ப கூட்டுங்க, ஜேயூனிட்டோட ரிப்பீட்டட்டெஸ்ட்ல நூறு தடவ ஓட்டுங்க. லாக்கே இல்லாம வாலட்டைல் (எழுதுனத மத்த த்ரெட்டுக்கும் தெரிய வைக்கற குறிச்சொல்) அது இதுன்னு நுணுக்கமா எழுதிருந்தா இந்த வழி போதாது, ஜாவாவ உருவாக்கற ஓப்பன்ஜேடிகே ஆளுங்களோட ஜேசிஸ்ட்ரெஸ் கருவிய எடுத்துக்குங்க, எந்த விடை வரலாம் எது வரவே கூடாதுன்னு சொல்லிட்டா அது லட்சக்கணக்குல ஓட்டி எண்ணிக் காட்டும். டெஸ்ட் தொங்கிப்போனா கொன்னுடாதீங்க, இன்னொரு டெர்மினல்ல ஜேஸ்டாக் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்க நிக்குதுன்னு காட்டற கருவி) ஓட்டுங்க, ரெண்டு த்ரெட்டு ஒண்ணோட லாக்குக்கு ஒண்ணு காத்துக்கிட்டு நின்னா எந்த வரியில நிக்குதுங்கற வரைக்கும் அதுலயே போட்டிருக்கும்.