கணக்கில் முழுமைக் கற்றல்: பயிற்சி முடித்த ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மாவட்டக் குறுவள மையக் கூட்டங்களில் (அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் கூட்டங்கள்) பயிற்சி தரும் கருத்தாளராக அமரும்போதெல்லாம், தமிழ்நாடு அரசின் தொடக்கக் கல்வித் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள், எங்கள் தலைமுறை இடறிய இடங்களிலேயே இடறுவதைப் பார்க்கிறேன். பாட நேரம், கரும்பலகை ஒழுங்கு போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே பேசவில்லை.

ஒரே வகைக் கணக்கை வைத்துத் தேர்ச்சி என்று முடிவு செய்தல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பண்ருட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக்கு இனமாற்றக் கழித்தல் (கடன் வாங்கிக் கழித்தல்) நடந்துகொண்டிருந்தது. 52 − 27, 61 − 38 என்று பலகை நிறைய, பத்தைப் பிரித்தே தீர வேண்டிய கணக்குகளே இருந்தன. எல்லோரும் சரியாகப் போட்டதால் ஆசிரியர் மகிழ்ந்து அடுத்த பாடத்தைத் திறந்தார். நான் 58 − 23 கொடுத்தேன். முன்வரிசைச் சிறுமி சற்றும் தயங்காமல் 5-ஐ அடித்து 4 ஆக்கி, 8-ஐ 18 ஆக்கி, 215 என்று விடை எழுதினாள். 58-இலிருந்து எடுத்த பிறகு 215 மிஞ்சுமா என்று கேட்டதற்கு, "கடன் வாங்கித்தானே சார் போடணும்" என்றாள்.

பெஞ்சமின் புளூம் 1968-இல் முன்வைத்த முழுமைக் கற்றல் முறையில், பாடம் முடிந்ததும் வைக்கும் தேர்வில் குறை தெரிந்தால் வேறு வழியில் மீண்டும் கற்பித்து, இணையான இன்னொரு தேர்வு வைக்க வேண்டும். நம் பயிற்சிகளிலோ செயல்பாடுகளுக்குக் காலைப் பொழுது முழுவதும் போய்விடுகிறது. வினா அமைக்கும் பகுதி மதிய உணவுக்குப் பின் கொட்டாவியில் கரைகிறது. தேர்வில் இனமாற்றம் வேண்டிய கணக்கு, வேண்டாத கணக்கு, 403 − 158 போல நடுவில் பூச்சியம் உள்ள கணக்கு, "85 − 49-இன் விடை 40-ஐ விடக் குறைவா, எப்படித் தெரியும்?" என்பது போன்ற கேள்வி ஆகியவை கலந்து வர வேண்டும், சில நாள் கழித்து முன்னறிவிப்பின்றி மீண்டும் வர வேண்டும். இதைத் தவிர்ப்பதால் நேரும் இழப்பு அந்த ஆண்டில் தெரியாது. மேல் வகுப்பில் நீள் வகுத்தல் வரும்போதுதான் தெரியும். அதைச் சுமப்பவர் வேறொரு ஆசிரியர்.

கட்டி முடித்த கட்டுகளைக் கொடுத்தல்

சவுக்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுவதும் பிரிப்பதும் குழந்தையின் வேலை.

அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளைக் குழந்தையின் பெயராக்குதல்

கூடாது.

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதோடு பயிற்சியை முடித்துக்கொள்ளுதல்

பக்கத்து வகுப்பு ஆசிரியரைப் பின்வரிசையில் அமரச் செய்து, இரண்டு குழந்தைகள் எழுதுவதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்திற்குத் தவறான விடையுள்ள நோட்டுகளில் நான்கைந்தைக் கொண்டுவந்தால், அரை மணி நேரம் அவற்றைப் பற்றியே பேசலாம்.