ஊர்ப்புற நூலகத்தில் கோடை விடுமுறை நிகழ்ச்சிகளை நடத்துவது எப்படி?

சிற்றூர் நூலகத்தில் கோடை நிகழ்ச்சி நடத்த முன்வருவோர் பெரும்பாலும் யாரைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது, என்ன பரிசு கொடுப்பது என்பவற்றிலிருந்தே பேச்சைத் தொடங்குகின்றனர். ஆனால் தொடங்க வேண்டிய இடம் நூலகத்தின் அலமாரி. ஓவியப் போட்டியும் மாறுவேடப் போட்டியும் பள்ளி ஆண்டு விழாவிலும் நடக்கின்றன, கோயில் திருவிழாவிலும் நடக்கின்றன; அவற்றை நூலகத்துக்குள் கொண்டு வந்துவிட்டதாலேயே அவை நூலக நிகழ்ச்சி ஆகிவிடுவதில்லை. வந்த குழந்தை வீடு திரும்பும்போது அதன் கையில் ஒரு புத்தகம் இருந்தால்தான் அது நூலக நிகழ்ச்சி. தமிழ்நாட்டின் ஊர்ப்புற நூலகங்களிலும் பகுதி நேர நூலகங்களிலும் இதை எவ்வாறு செய்யலாம் என்பதே இங்குச் சொல்லப்படுகிறது.

மார்ச் மாதத்திலேயே குழந்தை நூல்களைக் கணக்கெடுத்துவிட வேண்டும். பல நூலகங்களில் இவை மேல்தட்டில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்குப் பின்னால் இருக்கும். சில இடங்களில் கட்டுப் பிரிக்கப்படாமலே கிடக்கும். எல்லாவற்றையும் தரையில் பாய் விரித்துப் பரப்பி, ஒவ்வொன்றையும் யார் படிக்க முடியும் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுத்திருக்கிறது. அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு இப்பெயர்கள் பழக்கமானவை என்பதால் அதே முறையை நாமும் பின்பற்றலாம். ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கு ஐந்தாம் வகுப்புப் புத்தகம் என்று வயதைக் கொண்டு மட்டும் பிரித்தால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை முதல் நாளிலேயே வெட்கப்பட்டு விலகிவிடும். 40 குழந்தைகள் வருவார்கள் என்று எதிர்பார்த்தால் தேர்ந்தெடுக்க ஏறத்தாழ 120 நூல்களாவது வேண்டும். அந்த அளவுக்கு இல்லையென்றால் அருகிலுள்ள கிளை நூலகத்திலிருந்தோ மாவட்ட மைய நூலகத்திலிருந்தோ இரண்டு மாதங்களுக்குத் தற்காலிகமாகப் பெற முடியுமா என்று நூலகர் வழியாகக் கேட்கலாம்.

அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுவிடுவது நல்லது. ஊர்ப்புற நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் இயங்குவதால், நூலகத்துக்குத் துணை நிற்கும் வாசகர்களின் குழுவான வாசகர் வட்டத்தின் பெயரில், தேதியும் நேரமும் குறித்து மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட வேண்டும். கிராம மேம்பாட்டுக்கான அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்ட நூலகமாக இருந்தால் ஊராட்சி மன்றத் தலைவரைத்தான் அணுக வேண்டும். சாவி அவரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ இருக்கும். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்பட்டு வருகிறது என்பதை ஊராட்சியில் பேசும்போது நினைவூட்டலாம், ஏனெனில் இந்நூலகம் யாரோ கொடுத்த இலவசம் என்ற எண்ணம் ஊரில் பலருக்கு இருக்கிறது. பணத்தைப் பொறுத்தவரை பெரிய செலவு எதுவும் தேவையில்லை. 1,000 ரூபாய் செலுத்தி நூலகப் புரவலராகச் சேரும் வழக்கம் உண்டு, ஆனால் அத்தொகை நூலகக் கணக்கில் சேர்வது. அதைச் சுண்டலுக்கும் மோருக்கும் கணக்குப் பார்க்கக் கூடாது.

நாள்களைக் குறிக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். நாங்களும் முதல் ஆண்டில் பத்து நாள் தொடர் முகாம் என்று அறிவித்துவிட்டு, நான்காம் நாள் அம்மன் கோயிலில் காப்புக் கட்டியபின் ஏழு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தோம். கோடையில் கிராமத்துப் பிள்ளைகள் ஒரே ஊரில் இருப்பதில்லை. ஒரு வாரம் ஆச்சி வீடு, ஒரு வாரம் அத்தை வீடு என்று போய் வருவார்கள், அதே வேளையில் வெளியூர்ப் பிள்ளைகள் நம் ஊருக்கு வந்து சேர்வார்கள். ஆகவே வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் தன்னளவில் முழுமையானதாக, நேற்று வராதவர் இன்று வந்தாலும் குறைவு தோன்றாதவாறு அமைத்துக்கொள்ள வேண்டும். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில் காலம். அந்நாள்களில் காலை 11 மணிக்குள் முடித்துவிட வேண்டும், அல்லது மாலை 4.30-க்கு மேல் தொடங்க வேண்டும்.

விடுமுறைக்கு முன்பே பிள்ளைகளை நூலகத்துக்கு இழுக்க, நேராக நிற்கும் பொருளின் நிழல் உச்சி வேளையில் மறைந்துபோகும் நிழலில்லா நாளைப் போல எளிய வழி வேறில்லை. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் என்பது பலருக்கும் தெரியும், அன்று எல்லா நூலகங்களிலும் ஏதாவது நடக்கும். அதை ஒட்டிய நாள்களிலேயே சூரியன் தமிழ்நாட்டின் ஊர்களுக்கு நேர் உச்சியில் வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 அல்லது 11, மதுரையில் 16 வாக்கில், திருச்சியில் 18 வாக்கில், சென்னையில் 24 வாக்கில் என்று அது தெற்கிலிருந்து வடக்காக நகரும். உங்கள் ஊர் மதுரைக்கும் திருச்சிக்கும் இடையில் இருந்தால் நாளும் இடைப்பட்டதாக இருக்கும். தேர்வுக் காலமாக இருந்தாலும் இதற்கு அரை மணி நேரமே போதும். ஒரு சாண் நீளக் குழாய்த் துண்டு ஒன்றை, வாய் சமமாக வெட்டியதாகப் பார்த்து, நூலக வாசலில் வெள்ளைத்தாள் ஒட்டிய பலகையின்மேல் நிறுத்துங்கள். பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஊர்க் கொத்தனாரின் ரசமட்டத்தையும், குழாய் நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டையும் இரவல் வாங்குங்கள். அவரையே அழைத்து வந்து செய்யச் சொன்னால் இன்னும் சிறப்பு, ஏனென்றால் அன்று அவர்தான் ஆசிரியர்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால், ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் நமக்கு உச்சி வேளை தாமதமாகிறது. மதுரையில் ஏறத்தாழ 12.18-க்கும் சென்னையில் ஏறத்தாழ 12.07-க்கும் அது நிகழும். நான்கைந்து நாள்களுக்கு முன்பிருந்தே அந்த நேரத்தில் நிழலின் நுனியைத் தாளில் குறித்து வந்தால், வடக்கே விழுந்த நிழல் நாளுக்கு நாள் குறுகி, குழாயின் அடிக்குள் ஒளிந்து, பிறகு தெற்கே நீளத் தொடங்குவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்வார்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். முடிந்ததும் எல்லோரையும் உள்ளே அழைத்து, சூரியன், கோள்கள், கடிகாரம், நிழல் பற்றிய நூல்களைப் பாயில் பரப்பி வைத்திருங்கள். உரை எதுவும் ஆற்ற வேண்டாம். வெயிலில் நின்றுவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு குவளை தண்ணீரும் அந்தப் பாயும் போதும்.

விடுமுறை நாள்களின் வழக்கமான நிகழ்ச்சிக்கு உயிர் உரக்கப் படித்தல். கதைசொல்லியை வரவழைப்பதில் தவறில்லை, ஆனால் அவர் போனதும் கதையும் அவரோடு போய்விடுகிறது. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, படத்தைக் காட்டிக்கொண்டு, வரியை வாசித்தால், அந்தக் கதை இந்த அட்டைக்குள் இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியும். சிறுவர்களுக்குப் பதினைந்து நிமிடம் போதுமானது. பெரிய பிள்ளைகளுக்கு நீண்ட கதையின் முதல் பகுதியை மட்டும் படித்து, முடிச்சு விழும் இடத்தில் மூடி மேசைமேல் வைத்துவிட வேண்டும். அன்று மாலை அந்த நூலுக்கு மூன்று பேர் போட்டியிடுவார்கள். கதையின் நீதி என்ன என்று கேட்காமல் இருப்பது மிக முக்கியம். அந்தக் கேள்வியைப் பள்ளி ஏற்கெனவே போதிய முறை கேட்டுவிட்டது.

வாரத்தின் இரண்டு நாள்களில் இரண்டாவது நாளை ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுக்கலாம். நூறு நாள் வேலையிலிருந்து திரும்பும் பாட்டிமார்களிடமும் திண்ணையில் தாயம் உருட்டும் தாத்தாக்களிடமும், ஊரின் ஏரி, வாய்க்கால், மடை, களம் ஆகியவற்றின் பெயர்க் காரணங்களும் இப்போது விதைக்கப்படாத நெல் வகைகளின் பெயர்களும் இருக்கின்றன. பிள்ளைகள் இருவர் இருவராகச் சென்று கேட்டு எழுதி வந்தால், மே மாத இறுதியில் அவற்றைத் தொகுத்து ஒரு கையெழுத்து இதழாக்கி, நூலகத்திலேயே மற்ற நூல்களோடு வைக்கலாம். தான் எழுதியது அலமாரியில் இருக்கிறது என்பதைக் காட்ட அந்தப் பிள்ளை தன் வீட்டாரை அழைத்து வரும். அந்த வீட்டார் முதன்முறையாக நூலகப் படியேறுவார்கள். 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். அந்தச் செய்தியை இங்கே சொன்னால், முடியாமல் படுத்திருக்கும் பெரியவர்களுக்குத் தெருத் தெருவாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க மிதிவண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் தாமாகவே முன்வருவார்கள்.

இனி இரவல் கொடுப்பது. இங்கேதான் பெரியவர்களின் அச்சம் குறுக்கே நிற்கும். புத்தகம் கிழிந்துவிடும், தொலைந்துவிடும், கணக்கு யார் சொல்வது என்று நூலகர் தயங்குவது இயல்பு, அவர் தனி ஆளாக நூலகத்தை நடத்துபவர், இழப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. வாசகர் வட்டத்தினர் சிலர் விடுமுறைக் காலப் பொறுப்பை எழுத்தில் ஏற்றுக்கொண்டு, ஒரு நோட்டில் பெயர், நூலின் எண், எடுத்த நாள், திரும்பிய நாள் ஆகியவற்றைத் தாங்களே குறித்து வந்தால் அவருடைய சுமை குறையும். உறுப்பினர் படிவத்தை நிகழ்ச்சியின் முதல் வாரத்திலேயே பெற்றோரிடம் நேரில் கொண்டுபோய்க் கையொப்பம் வாங்கிவிடுங்கள். எத்தனை புத்தகம் படித்தாய் என்று எண்ணிப் பரிசு கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. மெலிந்த புத்தகங்களாகத் தேடி எடுக்கும் சாமர்த்தியத்தைத்தான் அது வளர்க்கிறது. வயதுப் பெண்பிள்ளைகள் மாலையில் வருவது பல வீடுகளில் தடைப்படும் என்பதால், அவர்களுக்கென்று காலை நேரத்தை ஒதுக்குவதும், தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் உள்ளே விடுவதும் தேவை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: எந்நேரமும் பெரியவர்கள் இருவர் உடனிருக்க வேண்டும், குடிநீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் ஒப்புதலின்றி வாட்ஸ்அப் குழுக்களில் பகிரக் கூடாது.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்து, விடுமுறையில் வந்தவர்களில் யார் இப்போது வருவதில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்களை மீண்டும் அழைக்க ஆகஸ்டில் இரண்டு வாய்ப்புகள் வருகின்றன. ஒன்று, சீர்காழியில் 1892-இல் பிறந்த, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் 12-ஆம் தேதி. மற்றொன்று, சூரியன் வடக்கிலிருந்து திரும்பும் வழியில் மறுபடியும் நம் உச்சிக்கு வரும் நாள். சென்னையில் அது 18 வாக்கிலும் மதுரையில் 27 வாக்கிலும் நிகழும். ஏப்ரலில் நிழல் குறித்த தாளைக் கிழிக்காமல் வைத்திருந்தால், அதே பலகையை அதே இடத்தில் போட்டு, இம்முறை தெற்கிலிருந்து வடக்காக நிழல் மாறுவதைப் பிள்ளைகள் பழைய கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.