வகைகள் தானாக மாறினால்: குட்டி மொழி வடிவமைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

டர்பனில் ஒரு கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறீர்கள். தள்ளுபடி, வாட் விதிகளைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளட்டும் என்று அதற்குள் ஒரு குட்டி நிரல் மொழியையும் வைக்கிறீர்கள். எண் வகைத் தரவு கேட்கும் இடத்தில் சரம், அதாவது மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர், வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழும். ‘மொழியே மாற்றிக்கொள்ளட்டும்’ என்று விட்டுவிடுவது சுலபம். பெரும்பாலான தொல்லைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இலக்கங்களால் ஆனதெல்லாம் எண் என்று நினைப்பது முதல் தவறு. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2005இல் பிறந்தவருக்கு அது 05 என்று தொடங்கும். எண் வகைக்கு மாற்றியதும் முன்னால் உள்ள 0 உதிர்ந்து 12 இலக்கமாகிவிடும். 2000இல் பிறந்தவருக்கு இரண்டு அல்லது மூன்று பூஜ்ஜியங்கள் போய்விடும். 32 பிட் (0 அல்லது 1 வைக்கும் 32 இடங்கள்) கொண்ட முழு எண்ணின் உச்சம் 2147483647 என்பதால் 13 இலக்கம் அதற்குள் அடங்கவும் அடங்காது. பிரிட்டோரியாவின் அஞ்சல் குறியீடு 0001க்கும் இதே கதிதான். பிஹெச்பி என்ற நிரல் மொழியில் "0001" == "1" (இரண்டும் சமமா) என்பது உண்மை என்றே வரும். இரண்டுமே மேற்கோளுக்குள் இருக்கும் சரங்கள்; ஆனாலும் எண் போலத் தெரிவதால் எண்ணாக மாற்றி ஒப்பிடுகிறது. ஒப்பீட்டுக் குறி எதையும் மாற்றக் கூடாது என்று உங்கள் மொழியில் விதி வையுங்கள். அடையாள எண், அஞ்சல் குறியீடு போன்றவற்றுக்குத் தனி வகை கொடுத்து, அவற்றில் கூட்டல் கழித்தலைத் தடுத்துவிடுங்கள்.

அடுத்தது, ஒரே குறிக்கு இரண்டு வேலை கொடுப்பது. ஜாவாஸ்கிரிப்டில் "5" - 3 என்றால் 2. "5" + 3 என்றால் "53". படிவத்தில் தட்டச்சு செய்த தொகை சரமாகத்தான் வரும். அதனால் 150 ராண்டோடு "20" சேர்த்தால் "15020" ஆகிவிடும். சரங்களை ஒட்டுவதற்கு வேறு குறி வைத்தால் இந்தச் சிக்கல் எழாது: பிஹெச்பி ஒரு புள்ளியையும், லுவா இரண்டு புள்ளிகளையும் வைத்திருக்கின்றன.

இங்கே இன்னொரு வம்பு, காற்புள்ளி. தென்னாப்பிரிக்காவில் அதிகாரபூர்வத் தசமக் குறி காற்புள்ளிதான். கடைகளில் புள்ளியும் புழங்குகிறது. ஜாவாஸ்கிரிப்டில் "12,50" என்பதை எண்ணாகப் படிக்கச் சொன்னால், பயன்படுத்தும் செயற்கூறை (function) பொறுத்து 12 வரும், இல்லையேல் ‘எண் அல்ல’ என்று வரும். முதலாவதுதான் ஆபத்து, 50 சென்ட் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. எந்த ஊர் வழக்கப்படி படிக்க வேண்டும் என்று சொல்லாமல் செய்ய முடியாத மாற்றம் இது. தானாக நடக்கும் மாற்றத்தில் அதைச் சொல்ல இடமே இல்லை. ஆகவே கூடுதல் தகவல் தேவைப்படும் மாற்றத்தையும், தோற்கக்கூடிய மாற்றத்தையும் பெயர் சொல்லி அழைக்கும் செயற்கூறாக மட்டுமே வையுங்கள்.

‘சிறிய வகையிலிருந்து பெரிய வகைக்குப் போனால் ஆபத்தில்லை’ என்பது பாதி உண்மை. ஜாவாவில் முழு எண்ணிலிருந்து 32 பிட் மிதவை எண்ணுக்கு (தசமப் புள்ளி உள்ள எண்ணுக்கு) மாறுவது தானாக நடக்கும். 16777217 போனால் 16777216 வரும். மிதவையில் துல்லியத்துக்கு உள்ளவை 24 பிட்தான். சி மொழியில் 32 பிட் குறியற்ற (கழித்தல் குறிக்கே இடமில்லாத) முழு எண்ணோடு ஒப்பிடும்போது -1 என்பது 4294967295 ஆகிவிடுவதால், 1ஐவிட அது பெரியதாகிவிடும். வாட் கணக்கில் வேறு மாதிரி அடி: இந்த இரண்டு மொழிகளிலும் 200 * (15 / 100) என்றால் 0. விடையைத் தசம மாறியில் வைத்தாலும் பயனில்லை. இரண்டு முழு எண்களின் வகுத்தல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பணத்துக்குச் சென்ட் கணக்கில் ஒரு தனி வகை வைத்து, வகுக்கும்போது மிஞ்சும் பின்னத்தை எப்படி முழுச் சென்ட்டாக்குவது என்பதையும் எழுதச் சொல்லிவிடுங்கள்.

மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாகவும் விடாதீர்கள். சி++ தானாகச் செய்யும் மாற்றத்தில், நிரலாளர் வரையறுத்தது அதிகபட்சம் ஒன்றுதான் இருக்கலாம். அதற்கே படிப்பவர் திணறுகிறார்.

எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுத வைத்துவிட்டால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 64 பிட் மிதவை எண் ஒன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. அந்த மாற்றம் ஏடா மொழி நிரலில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. அடங்காமல் போனால் என்ன செய்வது என்பதுதான் இல்லை. ரஸ்ட் மொழியிலும் ஒரு மாறியில் உள்ள 300ஐ 8 பிட்டுக்கு நேரடியாக மாற்றினால் 44 கிடைக்கும், எச்சரிக்கை வராது. சோதித்து மாற்றும் வழி தனியாக இருக்கிறது. உங்கள் மொழியில் சோதிக்கும் மாற்றத்துக்குச் சின்னப் பெயரும், வெட்டி எறியும் மாற்றத்துக்கு நீளமான பெயரும் வையுங்கள். பிழைச் செய்தியும் ‘வகை பொருந்தவில்லை’ என்று முடியாமல், எந்தச் செயற்கூறால் மாற்ற வேண்டும் என்று சொல்லட்டும்.

தயக்கமாக இருந்தால் முதல் பதிப்பில் தானியங்கி மாற்றமே வேண்டாம். கோ மொழி 32 பிட் மாறியையும் 64 பிட் மாறியையும் நேராகக் கூட்டவே விடுவதில்லை. அதனால் யாரும் நின்றுவிடவில்லை. பிறகு சேர்ப்பதால் பழைய நிரல் பெரும்பாலும் உடையாது, ஆனால் எடுத்தால் உடையும். பிஹெச்பியில் "abc"ஐ 0 ஆக மாற்றி உண்மை என்று சொல்லிவந்த 0 == "abc" போன்ற ஒப்பீடு பொய் என்று திருத்தப்பட 2020இல் வந்த 8ஆம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.