ஜிப்சிக்கு பெரிய டயர், கூடவே ஸ்பேசர்: என் அனுபவம்

நம்ம மாருதி ஜிப்சில 205/70 ஆர்15 சைஸ் டயர எடுத்துட்டு, அதவிட அகலமும் உயரமும் கூடுன 235/75 ஆர்15 போட்டாச்சு, பாக்க கெத்தாத்தான் இருக்கு, ஆனா ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசில ஃபுல்லா ஸ்டீரிங் ஒடிச்சா முன் டயரு லீஃப் ஸ்பிரிங்ல (பட்டை ஸ்பிரிங்) போய் கர்ர்ருனு உரசும், அங்க 20 வளைவு, யோசிச்சுக்கங்க. டயர் பக்கவாட்டுல பளபளன்னு ஒரு கோடே விழுந்துருச்சு.

அதுக்காக 30 எம்எம் ஸ்பேசர் போட்டோம், அதாவது வீல வெளிய தள்ளி வைக்க, வீலுக்கும் அது மாட்டுற ஹப்புக்கும் நடுவுல வைக்கிற தடிமனான உலோகத் துண்டு. ஹப் முகத்துல இருந்த துருவ வயர் பிரஷ்ல சுத்தமா தேச்சாதான் அது சாயாம உக்காரும், அப்புறம் ஹப்புல இருக்குற பழைய ஸ்டட்டு (நட்டு மாட்டுற போல்ட்டு) நுனி ஸ்பேசருக்கு வெளிய துருத்தக்கூடாது, துருத்துனா வீல் ஒழுங்கா படியாது. நட்டையெல்லாம் குறுக்கு மாறுகுறுக்கா டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்த அளந்து முறுக்குற ஸ்பேனர்) முறுக்கி, குப்பனூர் வழியா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து வீல கழட்டி ஸ்பேசர ஹப்போட புடிக்கிற உள் நட்டையும் திரும்ப செக் பண்ணுனேன், ரெண்டு கொஞ்சம் எளகியிருந்துச்சு.

ஸ்பிரிங்ல உரசல் நின்னுச்சு. இப்ப டயரு வெளிய தள்ளி வந்ததால பம்பர் ஓரத்துல லேசா இடிச்சுது, அத அறுத்து விட்டாச்சு. வீல் பேரிங்குக்கு லோடு கூடும்ங்கிறதால சத்தம் வருதான்னு காது குடுத்துட்டே இருக்கேன். டயரு பெருசானதால மீட்டர்ல 60 காட்டுனா நெசத்துல 66 கிட்ட போகுது.