வகுப்பறையில் சமயத்தைப் பற்றிப் பேசுவது எப்படி?

பக்தி இயக்கம், மதச்சார்பின்மை, சமயச் சீர்திருத்தம் ஆகியவை பாடமாக வரும் நாள்களில் பல ஆசிரியர்கள் பத்தியை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். வகுப்பில் சமயத்தைப் பேசச் சட்டம் இடம் தராது என்ற எண்ணமே இதற்கு முதற்காரணமாக இருப்பதால், சட்டத்திலிருந்தே தொடங்குவது நல்லது. அரசியலமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது. அரசின் ஏற்போ நிதியுதவியோ பெற்ற நிலையங்களில், மாணவரின் ஒப்புதல் இல்லாமல், அவர் சிறாராக இருந்தால் காப்பாளரின் ஒப்புதல் இல்லாமல், அங்கு நடக்கும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி அவரை வற்புறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. தடை போதனைக்குத்தான். 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக் குழு சமயக் கல்வி வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு என்று பிரித்துக் காட்டியது. சமயங்களைப் பற்றிப் படிப்பதை 28ஆவது பிரிவு தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2002ஆம் ஆண்டில், அருணா ராய் வழக்கில், தீர்ப்பளித்தது.

போதனைக்கும் கற்பித்தலுக்கும் உள்ள வேறுபாடு நடைமுறையில் வாக்கியத்தின் முடிவில் இருக்கிறது. "முருகனை வணங்கினால் வினை தீரும்" என்று ஆசிரியர் சொன்னால் அது போதனை. "முருகனை வணங்கினால் வினை தீரும் என்பது அடியார்களின் நம்பிக்கை, அந்த நம்பிக்கையோடுதான் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறார்கள்" என்றால் அது பாடம். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்பதும் ஆசிரியர் நாற்காலியில் இருந்து வழங்கும் தீர்ப்பே ஆதலால், முதல் வாக்கியத்துக்குப் பொருந்தும் கட்டுப்பாடு இதற்கும் பொருந்தும். பிறர் கூற்றைச் சொல்லும்போது தமிழில் இன்னொரு கண்ணியும் உண்டு. "மோசே கடலைப் பிளந்தாராம்" என்று "ஆம்" சேர்த்துச் சொன்னால், நாம் நினைக்காவிட்டாலும் அதில் ஏளனம் ஒலிக்கும்; "பிளந்தார் என்று விவிலியம் கூறுகிறது" என்றால் ஒலிக்காது.

பெயர்ச்சொல்லும் வினைமுற்றும் இதைவிடக் கவனம் கேட்பவை. சைவத் திருமுறைகளில் சிவனை "அவன்" என்பது நெருக்கத்தின் அடையாளம். கோயில் வழக்கில் பெருமாள் "எழுந்தருளுகிறார்". சீர்திருத்தச் சபையார், அதாவது புராட்டஸ்டண்டுக் கிறித்தவர்கள், "தேவன்" என்று ஒருமையில் பெயர் சொன்னாலும் வினையில் "சொன்னார்" என்பார்கள். தமிழ் முஸ்லிம்கள் "அல்லாஹ் அறிவான்" என்று ஒருமையில்தான் சொல்வார்கள். நபியைச் சொல்லும்போது "நபி அவர்கள்" என்பார்கள். மரியாதை என்று எண்ணி நான் ஒருமுறை "அல்லாஹ் சொன்னார்" என்றபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி, இறைவன் ஒருவனே என்பதால் தங்கள் வீட்டில் அப்படிச் சொல்வதில்லை என்று மெதுவாகத் திருத்தினாள். கத்தோலிக்கரின் திருப்பலியைச் சீர்திருத்தச் சபையாரின் ஆராதனையோடும், தவக்காலத்தை லெந்து காலத்தோடும் மாற்றிச் சொல்வதும் இப்படிப்பட்ட பிழைதான். எனவே பாடத்துக்கு முதல் நாள், அதில் வரும் சமூகத்தார் தம் வழிபாட்டுக்கு என்ன சொற்களை வழங்குகிறார்கள் என்று கேட்டு, அந்தச் சொற்களையே குறித்துக்கொள்ளுங்கள். பாடநூல்களில் இடம் குறைவாகவே பெறும் கருப்பசாமியும் குலதெய்வப் படையலும் அந்தக் குறிப்பில் இருக்கட்டும். கடவுள் நம்பிக்கை இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எந்த மாணவரையும் அவர் பிறந்த சமயத்தின் பேச்சாளராக நிறுத்தாதீர்கள். "நீ சொல்லம்மா, உங்களில் ஏன் அப்படி?" என்ற கேள்வி அன்பாகக் கேட்கப்பட்டாலும், அறுபது கண்கள் அவள் பக்கம் திரும்பிவிடும். தானாக முன்வந்து பேசுகிறவரைத் தடுக்க வேண்டியதில்லை.

விவாதத்துக்குப் பொருளைத் தேர்வு செய்யும்போது, அந்த வாரத்துச் செய்தியை விட்டு, தீர்ப்பு வந்து ஆறிப்போன வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வது என் வழக்கம். கேரளத்தில் 1985ஆம் ஆண்டில், யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் பாடப்பட்டபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் நம்பிக்கை இடம் தராததால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு, எழுந்து நிற்பதே மரியாதை, பாட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை என்று கூறி, அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. இந்த வழக்கில் இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற பழகிப்போன அணிகள் உருவாவதில்லை என்பதால் மாணவர்கள் கட்சி கட்டாமல் யோசிக்கிறார்கள். தீர்ப்பை முதலில் சொல்லாமல், நிகழ்ச்சியை மட்டும் சொல்லுங்கள். பள்ளித் தலைமை, பெற்றோர், உடன் படிப்பவர், நீதிபதி என்று நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் வாதத்தைச் சொல்லும் முன் எதிர்க்குழுவின் வாதத்தை அவர்களே தலையாட்டி ஏற்கும்படி எடுத்துரைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். நேரத்தில் பாதி இதற்கே போய்விடும், போகட்டும். தீர்ப்பைக் கடைசிப் பத்து நிமிடத்தில் வாசித்தால் போதும்.

புகார் நகரத்து முரசறைவோன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏற வேண்டும் என்றும், பகைவரிடத்தும் செற்றமும் கலாமும், அதாவது பகையும் சண்டையும், செய்யாமல் விலக வேண்டும் என்றும் அறிவிப்பதாக மணிமேகலையின் முதற்காதை சொல்கிறது. அந்த வரிகளைக் கரும்பலகையில் எழுதிவைப்பேன். என் சொந்த விதிகளைவிட அவற்றுக்கு மாணவர்கள் அதிகம் கட்டுப்படுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குரல் உயரும். அப்போது "உன் நம்பிக்கை தப்பு" என்ற வாக்கியத்தை, "அந்த நடைமுறையால் யாருக்கு என்ன நேர்கிறது?" என்ற கேள்வியாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பெயர் குறிப்பிடாமல் பெட்டியில் போடட்டும். மறுநாள் அவற்றைப் பிரித்துப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். சிலவற்றுக்குப் பதில் சொல்லலாம், சிலவற்றை எழுதியது யார் என்று தேடாமல் கிழித்துப் போட வேண்டியிருக்கும்.