மீன் வெட்டும் இடத்தில் கிடைத்த ஆய்வுத் தலைப்பு

மனித உயிரியல் வகுப்புக்கு ஆய்வுக் கட்டுரை என்றதும் நான் எழுதிக் கொடுத்த தலைப்பு 'நீரிழிவு நோய்'. மேடம் பார்த்துவிட்டு, "இது கட்டுரை இல்லப்பா, ஒரு அலமாரி நிறைய புத்தகம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து 'மூளை'. அதுவும் போச்சு.

அந்த ஞாயிறு கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனபோது, மீன் வெட்டித் தரும் அக்காவின் விரல்நுனிகள் ஊறிச் சுருங்கியிருப்பதைப் பார்த்தேன். தோல் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் அப்படி ஆகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன், ஆனால் தேடிப் படித்தால், நரம்பு அறுபட்ட விரல் எவ்வளவு நேரம் ஊறினாலும் சரியாகச் சுருங்காதாம். நரம்பு சொல்லித்தான் ரத்தக்குழாய்கள் இறுகி, உள்ளே அளவு குறைந்து, மேல்தோல் மடிகிறது. சுருங்கிய விரல் ஈரப் பொருளை வேகமாக எடுக்கிறது என்று 2013இல் ஒரு ஆய்வு, அப்படியெல்லாம் இல்லை என்று 2014இல் இன்னொன்று. இப்படிச் சண்டை இருந்தால் பக்கம் தானாக நிரம்பும்!

'சுருங்கிய விரல் பிடிமானத்துக்கு உதவுமா?' என்று ஒரே கேள்வியாகக் கொடுத்தேன். மேடம் கையெழுத்துப் போட்டார், "உப்புத் தண்ணியில எப்படின்னும் பாரு" என்று கூடுதல் வேலையும் சேர்த்து.